பாலம் தந்த பெருவணிகர்

தாம்பரத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை, கிண்டி ஆகிய ஊர்களைக் கடந்து சைதாப்பேட்டையில் அடையாற்றை அடைகின்றது. அங்குள்ள மறைமலையடிகள் பாலத்தின்மீது நாள்தோறும் எண்ணிறந்த ஊர்திகள் செல்கின்றன. முந்நூறு ஆண்டுகட்கு முன்னர் அவ்விடத்தில் பாலம் இல்லை. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்வோர் ஆற்றில் இறங்கியே கடத்தல் வேண்டும். மாரிக்காலத்தில் வெள்ளம் பெருகின் வழி அடைபட்டுவிடும். இவ்விடரைத் தம் சொந்தப் பொருளால் நீக்கியவர் அரசர் அல்லர், அதிகாரியும் அல்லர். வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய வணிகர் ஒருவரே அவர். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பது அவர் பெயர்.

பாரசீக நாட்டில் இசுபகான் நகரை அடுத்துப் புதிய ஜுல்பா என்னும் ஊர் உளது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் என்னும் மன்னர், ஆர்மீனிய மக்களை அவர்தம் தாயகத்தினின்றும் பெயர்த்து அங்குக் குடியேற்றினார். சொந்த மண்ணை இழந்த அம்மக்கள் வணிகத்தையே துணையாகக் கொண்டு பல நாடுகட்கும் சென்றனர். கி.பி. 1688இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கும்பினியின் நகரங்களில் தங்கி வாழவும், நிலமும் வீடும் வாங்கவும் விற்கவும் ஆர்மீனியர் உரிமை பெற்றனர். சென்னையில் அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு, மக்கள் வாயில் ‘அரண்மனைக்காரத் தெரு’ எனத் திரிந்து வழங்கலாயிற்று.

இம்மரபில் தோன்றிய உஸ்கான், சென்னைக்கும் மணிலாவிற்கும் இடையே வணிகம் நடத்திப் பெருஞ்செல்வர் ஆயினார். கப்பல் வணிகம் காற்றையும் கடலையும் நம்பியது. ஒரு புயல் பல்லாண்டு உழைப்பை விழுங்கிவிடும். ஆதலின், ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை வீடும் மனையுமாக ஆக்கிவைத்தல் அறிவுடைய வணிகர் செயல். உஸ்கானும் சென்னையில் வீடுகள் பல உடையவராய் விளங்கினார்.

ஆயினும், தமக்கென வீடுகளைப் பெற்றதோடு அவர் அமையவில்லை. கி.பி. 1726இல் 30,000 வராகன் செலவிட்டு அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்தார். பரங்கிமலையின் உச்சியிலுள்ள திருக்கோயிலுக்குச் செல்வோர் வருந்தாது ஏறுமாறு, நூற்றுக்கு மேற்பட்ட கற்படிகளையும் அமைத்தார். அத்துடன், இவ்வறப்பணிகளைப் பிற்காலத்தில் பேணுதற்கென 1,500 வராகனைத் தனியே ஒதுக்கிவைத்தார்.

மாணவர்களே, இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். புதியதொன்றைக் கட்டுவோர் பலர். கட்டியதைக் காப்பதற்கு வழிசெய்வோர் சிலரே. நம் முன்னோர் இந்நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தோர், விளக்கை மட்டும் கொடுத்தாரல்லர். அஃது அணையாது எரிதற்கு வேண்டிய நெய்யின்பொருட்டு 90 அல்லது 96 ஆடுகளையும் விட்டனர். இறந்தவற்றிற்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து மந்தை குறையாது நிற்றலின், கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கும். உஸ்கான் ஒதுக்கிய வராகனும் அத்தகையதே.

செல்வம் நிலையாதென்பதை உஸ்கான் தம் வாழ்விலேயே கண்டார். கி.பி. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அவர்கள் பக்கம் சாராத உஸ்கான் பேரிழப்புற்றார். 1749இல் நகரை மீண்டும் பெற்ற ஆங்கிலேயர், பகைவர்க்கு உதவினர் என ஐயுற்று, ஆர்மீனியரைக் கோட்டைக்குள் வாழலாகாதென விலக்கினர். உஸ்கானுக்கு மட்டும் அவ்விலக்கிலிருந்து விடுதலை கிடைத்தது. சாமியர் சுல்தான் என்னும் மற்றோர் ஆர்மீனியரின் பெருமனையைக் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். பின்னர் அங்குக் குடியிருந்த இராபர்ட் கிளைவின் பெயரே அதற்கு நிலைத்தது. உரியவர் பெயரை இன்று அறிவோர் அரியர்.

உஸ்கான் 1751ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இயற்கை எய்தினார். அவர் உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் விருப்பின்படி இதயம் மட்டும் ஒரு பேழையில் வைத்து ஜுல்பாவிற்கு அனுப்பப்பட்டது. பிறந்த மண்ணையும் அவர் மறந்தாரல்லர். வாழ்வளித்த மண்ணையும் மறந்தாரல்லர்.

அவர் அமைத்த பாலமும் அவர் பெயரால் வழங்கவில்லை. மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரின் திரிபு எனக் கருதப்படும் ‘மர்மலாங்’ என்பதே அதன் பெயராயிற்று. 1966இல் அதன் இடத்தில் இன்றைய பாலம் எழுந்தது. பெயர் நில்லாவிடினும் பயன் நின்றது. அவர் திறந்த வழியிலேயே இன்றும் மக்கள் செல்கின்றனர்.

இக்காலத்தில் வெளியூர்களிலிருந்து வந்து, தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் மனை வாங்கி வீடு கட்டி வாழ்வோர் மிகப் பலர். அவர்தம் வீடு நன்கு அமைந்தால் மட்டும் போதுமா? 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளை வெள்ளம் சூழ்ந்தது. ஏரியும் கால்வாயும் செம்மையாக இல்லையேல், மதில் எத்துணை உயரமாயினும் வீட்டைக் காவாது. குடியேறிய ஊரின் பொதுநலனைத் தம் நலனாகக் கொண்டு, அதனைப் பேணவும் வழிவகுத்த உஸ்கானின் உள்ளம் நம்மிடத்தும் அமைதல் வேண்டும்.