பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான் தெரியுமா?

கேள்வி: பிரான்சில் உள்ள மகளைப் பார்க்கப் போகிறேன். 'லுக் அவுட்' நோட்டீஸ் என்று விமான நிலையத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்துவார்களா?
- ஒரு வாசகர், பிள்ளைச்சாவடி

பதில்: போலீஸ், சிபிஐ போன்ற துறைகள் கேட்டால்தான் 'லுக் அவுட்' பட்டியலில் பெயர் ஏறும். வழக்குக்குப் பயந்து ஓடுபவரை மடக்க இது தேவைதான். ஆனால், பெரும்பாலும் குடியேற்றக் கவுன்டரில்தான் சம்பந்தப்பட்டவருக்கே விஷயம் தெரியவருகிறது, இது அநியாயம். மத்தியப் பிரதேசத்தின் மகான் நிலக்கரிச் சுரங்கம் பற்றி பிரிட்டிஷ் எம்.பி.க்களிடம் பேசக் கிளம்பிய கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் ஊழியர் பிரியா பிள்ளையை 2015 ஜனவரியில் டெல்லியில் நிறுத்தினார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. தவறிய பயணம் தவறியதுதானே! 2021 விதிப்படி, கேட்ட துறையே நீக்கச் சொல்லும்வரை பெயர் நீடிக்கும். உங்கள்மீது வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால், டிக்கெட் எடுக்குமுன் வக்கீலைப் பாருங்கள்.