நகர விரிவாக்கமும் ஊர்ப்பெயர்களும்: புதுக்கோட்டைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிறுநகர் ஒன்று தன் புறத்தே அமைந்த ஊர்களைத் தன் எல்லைக்குள் இணைக்கும்பொழுது நிலத்தோடு பெயர்களும் கைமாறுகின்றன. ஊர் இணைப்புக் குறித்த சோழர்கால ஆவண மரபை இன்றைய நிருவாக நடைமுறையோடு ஒப்பிட்டு, பெயர்ப்பதிவின் இன்றியமையாமையைப் புதுக்கோட்டைவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயராய்வு, புறஞ்சேரி, நத்தம், புறம்போக்கு, நகர விரிவாக்கம்.

முன்னுரை

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகிய நான்கு நகராட்சிகளும் சுற்றுப்புற உள்ளாட்சிப் பகுதிகளை உள்ளடக்கி மாநகராட்சிகளாக்கப்பட்டன. இத்தகைய இணைப்புகளில் குடிநீர், சாலை, கழிவுநீர் வடிகால் ஆகிய வசதிகள் பெருகும் என்பது நிருவாகத் தரப்பின் வாதம். சொத்துவரி உயரும், ஊரக வேலையுறுதித் திட்டப் பணி நின்றுபோகும், கிராம சபை இல்லாதுபோகும் என்பன ஊராட்சி மக்களின் கவலைகள். இரு தரப்பு வாதங்களும் நியாயமானவையே. எனினும் இவற்றிடையே அதிகம் பேசப்படாத ஒன்று ஊரின் பெயர். அதனைப் பேசும் பொறுப்பு தமிழாய்வுக்கு உண்டு.

புறம் வெற்றிடமன்று

நகரத்தின் புறத்தைப் பெயரற்ற வெற்றுநிலமாகத் தமிழ் மரபு கருதவில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘புறஞ்சேரியிறுத்த காதை’ என ஒரு காதையே அமைந்துள்ளது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையுமுன் தங்குமிடம் புறஞ்சேரி. அங்கிருக்கையில்தான் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். புறஞ்சேரிக்கு அதற்கே உரிய மாந்தரும் வாழ்வும் இருந்தன என்பதை இதனால் அறியலாம்.

இன்று வருவாய்த்துறை வழக்கில் நிலைத்துவிட்ட ‘புறம்போக்கு’ என்னும் சொல்லும் இவ்விடத்தில் கருதத்தக்கது. வரி மதிப்பீட்டிற்குப் புறமாக விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். பயனற்ற நிலம் என்பதன்று. களம், மந்தை, ஊருணி, மேய்ச்சல் நிலம் முதலிய பொதுவிடங்கள் இவ்வகையில் அடங்கும்.

சோழர்கால ஆவணங்களில் ஊர் இணைப்பு

பல ஊர்களை ஒன்றாக்குதல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடு ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஒருங்கிணைத்துத் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் உருவாக்கப்பட்டதைக் கூறுகிறது. ஆயினும் அவ்வாவணம் இணைக்கப்பட்ட ஊர்களைத் தனித்தனியே பெயர்சுட்டி எல்லை கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளும் கோயிலுக்கு நிவந்தமாக விடப்பட்ட ஊர்களைப் பெயருடன் குறிக்கின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றை இறையிலி நிலங்களாக அவை பிரித்துக் காட்டுகின்றன.

இதுகொண்டு சோழர்கால இணைப்பு அறவழிப்பட்டது என முடிவு செய்தல் பொருந்தாது. முன்னிருந்தோரின் உரிமையை அகற்றும் ‘குடிநீக்கி’ என்னும் தொடரும், பழம்பெயரைத் தவிர்த்துப் புதுப்பெயர் இடும் வழக்கமும் அக்கால நிலக்கொடை ஆவணங்களில் காணப்படுகின்றன. சேரிகளைத் தனித்துச் சுட்டுவதில் சாதிப் பிரிவினையின் தடமும் உள்ளது. எனினும் ஒன்று தெளிவு. பழம்பெயரைத் தவிர்த்த ஆவணமே அப்பெயரைப் பதிந்தும் வைத்தது. அதனால்தான் மறைந்த ஊர்களை இன்று ஆய்வாளர் மீட்டெடுக்க முடிகிறது.

புதுக்கோட்டைப் புறநகர்ப் பெயர்கள்

புதுக்கோட்டையை ஒட்டிய ஊர்ப்பெயர்கள் வரலாற்றுச் செறிவுடையன. கவிநாடு என்பது சோழர்காலக் கல்வெட்டுகளில் நாட்டுப்பிரிவின் பெயராக வருவது. அது இன்று கவிநாடு கிழக்கு, கவிநாடு மேற்கு என்னும் ஊர்ப்பெயர்களிலும் கவிநாட்டுக் கண்மாயிலும் எஞ்சியுள்ளது. முதலாம் ஆதித்தன் காலக் கற்றளி அமைந்த திருக்கட்டளை, கல்வெட்டில் கற்குறிச்சி என வழங்கப்பெற்றது. குறிச்சி என்னும் குடியிருப்புப் பெயர் மக்கள் வழக்கில் மறைந்தபோதும் கல்லில் நின்றது. நத்தம்பண்ணை என்பதில் குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் நத்தமும் வேளாண் நிலத்தைக் குறிக்கும் பண்ணையும் ஒருசேர உள்ளன. இவ்வூர் 9ஏ, 9பி என இரு ஊராட்சிகளாக வழங்கியதில் பெயருக்கு முன்னே எண் வந்து நிற்பதைக் காண்கிறோம். மாநகராட்சியின் வார்டு முறையில் எண்ணே பெயராகிவிடும் வாய்ப்பு மிகுதி.

இது வெறும் பழம்பெருமை சார்ந்த இழப்பன்று. ஓர் ஊருணியின் பெயர் வழக்கொழிந்தால் அங்கு நீர்நிலை இருந்தது என்பதற்கான மக்கள் சான்றும் மெல்ல மறைகிறது. பின்னர் அந்நிலம் மனைப்பிரிவாக மாறும்போது எதிர்த்துக் கேட்போர்க்கு வாய்மொழி ஆதாரமும் இல்லாதுபோகிறது. பெயர்ப்பதிவு பொதுநில உரிமையின் ஒரு பகுதியாவது இதனால்தான்.

முடிவுரை

நகர விரிவாக்கம் தவிர்க்கவியலாததாக இருக்கலாம், பெயரழிவு அவ்வாறன்று. இணைப்பாணைக்கு முன்னரே ஒவ்வோர் ஊராட்சியிலும் உட்கிடை ஊர், தெரு, குளம், களம், மந்தை ஆகியவற்றின் பெயர்கள் ஊர்ப்பெரியோர் வாய்மொழியோடு பதிவேடாகத் தொகுக்கப்பெறுதல் வேண்டும். வார்டு எண்ணுடன் ஊர்ப்பெயரும் இணைத்து வழங்கப்பெறுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் முதுகலை மாணவர்தம் களப்பணியாக இதனை மேற்கொள்ளலாம். இணைப்புக்குப்பின் ஒரு தலைமுறை கழிந்தால் கேட்டறிய ஆளிரார். பதினொன்றாம் நூற்றாண்டின் செப்பேடு தான் தவிர்த்த ஊர்களுக்குச் செய்த அளவேனும் நம் காலத்து ஆவணங்கள் தாம் இணைக்கும் ஊர்களுக்குச் செய்தல் கடன்.