மலை இறங்குமுன்

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாம் பாதை அமைந்தபின், பழைய பாதை இறங்கும் வழியாயிற்று. சித்தூரிலிருந்து பழைய அம்பாசிடரில் சென்று திரும்பும் நண்பர், அவ்வளைவுகளில் நம்பியிருப்பது சுண்டுவிரலினும் மெல்லிய எஃகுக் குழாயைத்தான்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் பரவும். இது பாஸ்கல் விதி. பின்சக்கரக் குழாய் துருவேறி ஓட்டையானால் அவ்வழுத்தம் நில்லாது. ஒற்றைச் சுற்று வண்டியில் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒருங்கே போய்விடும்.

வீட்டிலேயே குழாயை மாற்றலாம். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பாகத்தை உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது. துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவது ஆபத்து. குழாய் முழுவதையும் மாற்றுக. பழையதன் வளைவைப் பார்த்தே புதியதை வளைக்க வேண்டும். வெறும் செம்பு அதிர்வில் வெடிக்கும். எஃகோ செம்பு-நிக்கல் கலவையோ தகும். முதலில் நட்டைக் கோத்துக்கொண்டு, பிறகே குழாயின் வாயை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். வரிசை மாறினால் நட்டு ஏறாது.

பின்பு புதிய எண்ணெய் ஊற்றி, பொதுவாகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றுக. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் காற்று இன்னும் உள்ளது என்று பொருள். பழைய எண்ணெய் ஏன் ஆகாது? அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியசு; ஈரமேறினால் 140 அளவுக்கு இறங்கிவிடும். நெடிய இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் பிரேக் பிடிக்காது.

மிதியை வலுவாக அழுத்திப் பிடித்துக் கசிவு உண்டா எனப் பார்த்து, சமவெளியில் மெல்ல ஓட்டிச் சோதித்த பிறகே மலையேறலாம். ஐயம் எழுந்தால் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுவதில் இழுக்கில்லை. இறங்குகையில் தாழ்ந்த கியரே துணை.