பச்சோந்திக் கூண்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உலகில் செல்லப்பிராணியாக அதிகம் வளர்க்கப்படும் பச்சோந்திகளில் ஒன்று ஏமன் பச்சோந்தி. தலையில் நிமிர்ந்த கொண்டையும் உடம்பில் பச்சையும் மஞ்சளுமான பட்டைகளும் இதன் அடையாளம். ஏமனின் மேற்கு மலைப்பகுதியும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும் இதன் தாய்மண். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பண்ணைகளில் பொரித்த குஞ்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. நல்ல கவனிப்பில் ஆண் பச்சோந்தி 5 முதல் 8 ஆண்டுகள்வரை வாழும். அப்படியிருந்தும் வாங்கிய சில மாதங்களிலேயே இறந்துபோகும் பச்சோந்திகள் ஏராளம்.

அவற்றைத் தாக்கும் நோய்களில் பெரும்பகுதி கூண்டிலிருந்தே தொடங்குகிறது. உடம்புக்கு முடியாததைக் கடைசிவரை மறைத்துக்கொள்ளும் பிராணி இது. நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எனவே கூண்டைப் பற்றிய தவறான எண்ணங்களை வாங்குவதற்கு முன்பே களைய வேண்டும். அடிப்படை ஒன்றுதான்: மரம் தருவதையெல்லாம் கூண்டும் தர வேண்டும்.

நம்பிக்கை: பழைய மீன்தொட்டி ஒன்று இருந்தால் போதும்.

உண்மை: மீன்தொட்டியில் இருப்பது நீளம், பச்சோந்திக்கு வேண்டியது உயரம். பயந்தால் மேலே ஏறுவதுதான் அதன் இயல்பு. வளர்ந்த ஏமன் பச்சோந்திக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் குறைந்தபட்ச அளவு. அந்தக் கூண்டையும் தரையில் வைக்கக் கூடாது. உச்சிக் கிளை நம் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மேசைமீது ஏற்றி, ஆள்நடமாட்டம் குறைந்த சுவரோரமாக வைக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கும் எதையும் அது கொல்ல வரும் பறவையாகவே எண்ணும்.

அடுத்தது காற்று. மூடிய கண்ணாடிக்குள் காற்று தேங்கும். சூடும் ஈரமும் அதோடு சேர்ந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி நுரையீரலில் தொற்று உண்டாகும். அதனால்தான் அலுமினிய வலைக் கூண்டுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டுபோகும் வீடுகளில் பக்கச் சுவர்களை அடைத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி இருந்தே ஆக வேண்டும்.

கூண்டுக்குள் பிடித்து நடக்கக் கிளைகளும் ஒளிந்துகொள்ளத் தழையும் வேண்டும். பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, எதிரெதிரே நின்று கிளையைப் பற்றும். அந்தப் பிடிக்கு அடங்கும் கிளைகளைக் குறுக்காகவும் சாய்வாகவும் பல உயரங்களில் கட்டுங்கள். ஏமன் பச்சோந்தி இலையும் தின்னும் என்பதால் பிளாஸ்டிக் செடிகள் ஆபத்து. விழுங்கிய துண்டு குடலை அடைத்துவிடும். பூச்சிமருந்து படாத செம்பருத்தி நல்ல தேர்வு.

நம்பிக்கை: கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடித்துக்கொள்ளும்.

உண்மை: தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீரென்றே கண்டுகொள்வதில்லை. இலையில் துளி உருண்டு மின்னும்போதுதான் கண் அதன்மேல் நிலைக்கும். தலையை மெல்ல நீட்டி, இலையை வாயால் தொட்டு, துளித்துளியாக உறிஞ்சும். மலைச்சரிவில் இரவுப் பனியும் விடியற்காலை மூடுபனியும் அதற்கு நீர் தருகின்றன. கூண்டிலும் அதையே உண்டாக்க வேண்டும்: விளக்கு எரியும் முன் காலையிலும், அணைந்தபின் இரவிலும் நுண்தூவலாக நீர் தெளியுங்கள். பகலில் ஒரு சொட்டுக்குழாயைச் சிறிது நேரம் சொட்டவிடலாம்.

'மழைக்காட்டுப் பிராணி, எந்நேரமும் நனைந்தே இருக்க வேண்டும்' என்பதும் பிழை. ஏமன் பச்சோந்திக்குப் பகலில் 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். இரவில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறலாம். இரண்டு தெளிப்புகளுக்கு நடுவே இலைகள் நன்றாகக் காய வேண்டும்.

நம்பிக்கை: ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைத்துவிடும்.

உண்மை: ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், பச்சோந்திக்கு வேண்டிய புறஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடம்பில் சேராது. எலும்பு மெலிந்து, கால்கள் வளைந்து, தாடை இளகி, கடைசியில் நாக்கை வீசி இரை பிடிக்கவும் முடியாமல் போகும். கூண்டின் மேல் முழு நீளத்துக்கும் ஊர்வனவற்றுக்கான டி5 குழல் விளக்கைப் பொருத்தி, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். வெயில் காயும் கிளை விளக்கிலிருந்து சுமார் 15 முதல் 20 செ.மீ. கீழே இருக்கட்டும், அங்கே புறஊதாக் குறியீடு 3 அளவில் இருப்பது நல்லது. குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் மங்கிவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: அரபு நாட்டுப் பிராணிக்கு எவ்வளவு சூடும் தகும்.

உண்மை: அது வாழும் மலைகளில் இரவு குளிரும். வளர்ந்த பச்சோந்திக்கு வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், கூண்டின் மற்ற பகுதிகளில் 22 முதல் 26 டிகிரி போதும். குஞ்சுகளுக்கு இன்னும் குறைவு. ஒரு மூலை சூடாகவும் மறுமூலை குளிர்ச்சியாகவும் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தை அது தானே தேடிக்கொள்ளும். இரவில் சிவப்பு விளக்குகூட வேண்டாம். இருட்டும் குளிர்ச்சியும் இருந்தால்தான் தூக்கம் நிறையும். சூடேறும் செயற்கைப் பாறைகளைத் தவிர்த்துவிடுங்கள். பச்சோந்திக்குச் சூடு மேலிருந்துதான் வர வேண்டும். பாறைமேல் படுத்தது வயிறு வெந்தபின்பும் எழாமல் இருந்துவிடும்.

நம்பிக்கை: தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், துணைக்கு இன்னொன்று வேண்டும்.

உண்மை: பச்சோந்திக்குத் தனிமை தண்டனை ஆகாது. ஒரே கூண்டில் இரண்டு இருந்தால் சண்டையில்லாமலே ஒன்று மற்றதை அடக்கும். அடங்கியது நல்ல கிளையையும் இரையையும் இழந்து மெலியும். எதிர்க் கூண்டில் இன்னொன்று தெரிந்தாலும், கண்ணாடியில் தன் உருவமே தெரிந்தாலும், உடம்பை உப்பவைத்து எதிர்த்து நிற்கும். நாள் முழுக்க அப்படி நிற்கும் பிராணி உண்பதைக் குறைத்துவிடும். ஒரு கூண்டுக்கு ஒன்று, நடுவே மறைப்பு.

நம்பிக்கை: ஆண் இல்லையென்றால் பெண் முட்டையிடாது.

உண்மை: இந்தத் தவறான நம்பிக்கை எத்தனையோ பெண் பச்சோந்திகளின் உயிரைப் பறித்திருக்கிறது. ஏமன் பச்சோந்தியின் பெண், ஆணைக் காணாமலே கருவுறாத முட்டைகளை இடும். ஒரே ஈட்டில் பல டஜன் முட்டைகள் வருவதும் உண்டு. மண் தோண்ட இடமில்லாவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அதில் உயிர் போகும். பருவம் வந்த பெண்ணின் கூண்டில் குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி எப்போதும் இருக்க வேண்டும். விரலால் குடைந்த துளை சரியாமல் நிற்கிற ஈரம்தான் சரியான ஈரம்.

கிளையை விட்டு இறங்கித் தரையில் அமைதியின்றி அலைந்து, மூலைகளைக் காலால் கீறினால் நேரம் வந்துவிட்டது என்று அறியுங்கள். கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு விலகிப் போங்கள். யாரோ பார்ப்பது தெரிந்தால் தோண்டிய குழியை அப்படியே கைவிட்டுவிடும்.

நம்பிக்கை: இருக்கும் இடத்தின் நிறத்துக்கு மாறும், நிறத்தை வைத்து வேறொன்றும் சொல்ல முடியாது.

உண்மை: நிறம் அதன் நிலையைச் சொல்கிறது. மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக அறிஞர்கள், தோல் செல்களில் உள்ள குவானின் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015-இல் காட்டினார்கள். ஆண் பச்சோந்தி இன்னோர் ஆணைப் பார்க்கும்போதும் பெண்ணைக் கவரும்போதும் அந்த மாற்றம் நிகழ்கிறது. வளர்ப்பவருக்கு இது பெரிய உதவி. காலையில் விளக்குக்கு ஒரு பக்கத்தைக் காட்டி அந்தப் பக்கத்தை மட்டும் கருப்பாக்கினால் சூடு வாங்குகிறது. நடுப்பகலில் வெளிறி வாய் பிளந்தால் சூடு மிகுதி. நாள் முழுக்கக் கருத்தே இருந்தால் குளிரோ அச்சமோ நோயோ இருக்கிறது. கூண்டை உடனே சரிபாருங்கள்.

நம்பிக்கை: நம் ஊர்த் தோப்பில் கிடைப்பதைப் பிடித்து இப்படி வளர்க்கலாம்.

உண்மை: கூடாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழும் நம் பச்சோந்தி இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஏமன் பச்சோந்தியும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை இந்தியாவில் வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பச்சோந்தி வளர்க்கவே அனுமதியில்லை.

சட்டம் இடம் தரும் நாட்டில் வாங்க விரும்புவோர் முதலில் கூண்டை வாங்குங்கள். விளக்கு, தெளிப்பான், செடி எல்லாம் பொருத்தி, பச்சோந்தி இல்லாமலே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வெப்பமானியும் ஈரப்பதமானியும் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சரியான அளவைக் காட்டட்டும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் விசாரித்து வையுங்கள். இவ்வளவும் அமைந்தபின் பிராணியை அழைத்து வாருங்கள். அமையாவிட்டால் வாங்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் நன்மை.