ரேடியோ நெல்லும் நடந்து வந்த செய்தியும்

நம் தஞ்சைச் சீமையில் வயது முதிர்ந்த குடியானவர் ஒருவரிடம் "ரேடியோ நெல்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலரும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லுக்கு ஜனங்கள் இட்ட பெயர் அது. 1966-ம் ஆண்டை ஒட்டி, திருச்சி வானொலி நிலையம் அந்நெல்லைப் பற்றி எடுத்துச் சொல்லிற்று. எழுத்தறியாதவரும் கேட்டனர், குறுவைக்கு விதைத்தனர். கேட்பவனுடைய பேச்சிலே, அவனால் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொன்னதாலேயே அச்செய்தி பலித்தது.

அப்போது தேசத்தில் உணவுத் தட்டுப்பாடு. ஆகையால் விளைச்சலைப் பெருக்கச் சொன்னதில் குற்றமில்லை. ஆயினும் புது நெல் உரம் கேட்டது, பூச்சிமருந்தும் பின்தொடர்ந்தது, பழைய ரகங்கள் பல மறைந்தன. விளைச்சலைப் பற்றிய குரல் உரக்க ஒலித்தது. மண்ணைப் பற்றிய எச்சரிக்கையோ பிந்தியே வந்தது.

அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், 1938-ல் இளங்காட்டில் பிறந்த கோ. நம்மாழ்வார். விவசாயம் படித்த அவர், ஊர் ஊராக நடந்து ஜனங்களோடு பேசினார். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்துவருகையில், 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் சட்டசபையில் நிறைவேறியது.

அவருடைய வழியில் வந்தவர் 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய விதை 2 கிலோ பெற்றவர் மறு வருஷம் 4 கிலோ திருப்பித் தரவேண்டும். பேச்சு காற்றோடு போகாமல் கையில் விதையாக நின்றது.

இன்று ரேடியோவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஆறு, மணல், உரம், கடல் என்று தினமும் செய்தி வந்து குவிகிறது. அதைப் பிறருக்கு அனுப்புமுன் வீட்டில் மூன்று கேள்வி கேட்போம்:

1. இதைச் சொல்பவர் யார்? அந்த இடத்தைக் கண்டவரா?

2. லாபத்தைச் சொல்பவர் மண்ணுக்கும் நீருக்கும் நேரும் நஷ்டத்தையும் சொல்கிறாரா? நஷ்டத்தைச் சொல்பவர், குடியானவன் பிழைக்க வழியும் சொல்கிறாரா?

3. இதைக் கேட்டு நாளைக் காலையில் நாம் செய்யக்கூடிய காரியம் என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதிலில்லாத செய்தி பயத்தைத்தான் வளர்க்கும். பதிலுள்ள செய்தி, நல்ல விதையைப்போல், ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வரும்.