சாம்பார் எத்தனை கரண்டி?

கேள்வி: உணவு ஆய்வுக்கு வந்தவர்கள் ரசம், பொரியல், துவையல் என ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வெளிநாட்டில் உள்ள கேள்வித்தாளையே பயன்படுத்தக் கூடாதா?
- வாசகி, திருச்சி

பதில்: கூடாது. 1985இல் ஹார்வர்டின் வால்டர் வில்லெட் குழு வெளியிட்ட புகழ்பெற்ற கேள்வித்தாளில் 61 உணவுகள் இருந்தன. அது அமெரிக்கச் சாப்பாட்டு மேசைக்கானது. நம் வீட்டில் எண்ணெய் தாளிப்பில் போகிறது, தேங்காய் குழம்பில் கரைகிறது. "தேங்காய் எவ்வளவு சாப்பிடுவீர்கள்?" என்றால் பலரும் "சாப்பிடுவதே இல்லை" என்பார்கள். குழம்பு எத்தனை கரண்டி என்று கேட்டு, செய்முறையிலிருந்து தேங்காயைக் கணக்கிடுவதே சரியான வழி. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இப்படி 222 உணவுகளுடன், வேளைவாரியாகக் கேட்கும் பட்டியலை உருவாக்கியது. சென்னைவாசிகளின் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து, வருவது அதனால்தான் தெரிந்தது. நீரிழிவு பெருகும் ஊரில் இதைவிட முக்கியமான தகவல் ஏது?

உப்பை மட்டும் இந்த முறை சரியாகப் பிடிக்காது. அதற்கு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும்.

அடுத்த முறை வந்தால், சமைப்பவரையும் உடன் உட்கார வையுங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.