நீரைத் தொட்டும் தொடாமலும்

படகு என்றால் நீரில் மிதப்பது என்றே சிறு வகுப்பு முதல் படித்து வந்திருக்கிறோம். படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. ஆனால் வேகம் மிகும்போது வேறொரு விசையும் வந்து சேர்கிறது. ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் படுக்கையாக வீசினால் அது மூழ்காமல் தத்தித் தத்திச் செல்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதுபோலவே, தட்டையான அடிப்பாகம் நீரைக் கீழ்நோக்கி அழுத்த, நீர் படகை மேலே தூக்குகிறது. இவ்வாறு நீர்மேல் வழுக்கி ஓடும் படகே ஹைட்ரோபிளேன்.

வானொலி அலைகளால் கரையிலிருந்தே இயக்கப்படும் மாதிரிப் படகுகளில் மிக விரைவானவற்றுள் ஒன்று பக்க மிதவைகள் கொண்ட ஹைட்ரோபிளேன். இதன் நடுவுடல் ஒடுங்கிய நீண்ட பெட்டி போன்றது. எஞ்சினும் ரேடியோக் கருவிகளும் அதனுள் இருக்கும். அதிலிருந்து இருபுறமும் குழாய்கள் நீண்டு, முனைகளில் மிதவைகளைத் தாங்குகின்றன. இலங்கைக் கரையோரங்களில் ஒருபுறம் மிதவை கட்டிய ஓருப் படகு உண்டு. அந்த மிதவை படகு கவிழாதிருப்பதற்கு. இங்கோ, ஓடும் வேளையில் மிதவைகளே படகைச் சுமக்கின்றன. முன்மிதவைகள் இரண்டும் பின்புறத்துப் புரொப்பெல்லரும் ஆக, மூன்று இடங்களில் மட்டுமே படகு நீரைத் தொடுகிறது. புரொப்பெல்லரில் பாதி நீருக்கு வெளியே சுழல்வது பார்ப்பவர்க்கு வியப்பாயிருக்கும். நீரின் உராய்வைக் குறைக்கவே இந்த ஏற்பாடு.

நடுவுடலுக்கும் மிதவைகளுக்கும் இடையே வெற்றிடம் விடுவது ஏன்? அங்கே பலகை இருந்தால், அதன் அடியில் காற்று சிக்கிப் படகின் முனையைத் தூக்கும். சிறிது தூக்கினால் இன்னும் காற்று புகும், இன்னும் தூக்கும், முடிவில் படகு பின்புறமாகக் குட்டிக்கரணம் போடும். மனிதர் ஏறிச் செல்லும் பெரும் படகுகளுக்கும் இந்த அபாயம் உண்டு. இங்கிலாந்தின் டொனால்டு கேம்பல், புளூபேர்டு கே7 என்னும் ஜெட் படகில் 1955 முதல் 1964 வரை ஏழு முறை நீர்வேகச் சாதனை படைத்தவர். அப்படகிலும் மிதவைகள் பக்கவாட்டுத் தாங்கிகளில் பொருத்தப்பட்டிருந்தன. 1967 ஜனவரி 4ஆம் நாள் கோனிஸ்டன் ஏரியில், மணிக்கு 480 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில், அதன் முனை உயர்ந்து காற்றில் புரண்டது. கேம்பல் உயிரிழந்தார். படகும் அவருடைய உடலும் 2001இல்தான் மீட்கப்பட்டன.

இனி, மாதிரிப் படகைப் பெரிதாகக் கட்ட விரும்புவோர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 75 சென்டிமீட்டர் நீளமும் 2 கிலோ எடையும் உள்ள படகை, எல்லா அளவுகளிலும் இரு மடங்காக்குவோம். நீளம் 150 சென்டிமீட்டர். மிதவையின் அடிப்பரப்பு நான்கு மடங்கு. எடையோ எட்டு மடங்கு, அதாவது 16 கிலோ! ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட இரு மடங்கு சுமக்க வேண்டும். நீரின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வதால், சிறிய படகு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே நிலையில் பெரியது ஓட, ஏறத்தாழ 85 கிலோமீட்டர் வேகம் தேவை. குழாய்களைத் தடிப்பிலும் இரு மடங்காக்கினாலும் அவற்றை வளைக்கும் தகைவு இரட்டிக்கிறது. ஆகவே அவற்றை அதைவிடத் தடிப்பாகவே அமைக்க வேண்டும்.

நன்மையும் இல்லாமலில்லை. சிறிய படகைத் தூக்கியெறியும் சிற்றலை பெரிய படகுக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் பதினாறு மடங்கு வருகிறது. நீர் நிறைந்த குடம் ஒன்று ஒன்பது மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஒப்பாகும். பொம்மை என்று இதனை அழைக்க நமக்கு மனம் வரவில்லை. நீந்துவோரும் மீன்பிடிப்போரும் உள்ள நீர்நிலையில் இதனை ஓட்டவே கூடாது. பார்வையாளர் கரையிலிருந்து நன்கு விலகி நிற்க வேண்டும்.

கம்பியின்றிப் படகை இயக்கலாம் என்பதை 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா காட்டினார். இன்றைய ரேடியோக் கருவிகளில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு: அலை தொடர்பு அறுந்தால் எஞ்சினின் வேகம் தானே குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் நீரில் விடுமுன், புரொப்பெல்லரை ஒருவரும் நெருங்காதபடி படகைத் தாங்கியில் நிறுத்தி, கையிலுள்ள கருவியை அணைத்து இதனைச் சோதிக்க வேண்டும்.

எடை நிற்கும் இடம் முன்மிதவைகளின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னே அமைய வேண்டும். மிகவும் பின்னே போனால் முனை எழும். அமெரிக்க மாதிரிப் படகுப் பந்தயங்களில் வலஞ்சுழியாக ஓடுவதால், வலப்புற மிதவையில் ஒரு கூரிய தகடு தொங்கும். அது நீரைப் பற்றிக்கொள்ள, படகு சறுக்காமல் திரும்புகிறது. பெட்ரோல் எஞ்சினாயின், ஓடும்போது ஏரி நீரே ஒரு சிறு குழாய் வழியே ஏறி அதனைக் குளிர்விக்கும். நடுவுடலினுள் நுரைப்பஞ்சு அடைப்பதையும் மறக்கலாகாது. கவிழ்ந்த படகு மூழ்காமல் கிடந்தால்தானே துடுப்புப் படகில் சென்று எடுத்துவர முடியும்!

கரையேற்றியதும் நீரை வடித்து, மூடியைத் திறந்து உலரவிட வேண்டும். வளையும் சுழல்தண்டை உருவியெடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவி மீண்டும் பொருத்த வேண்டும். மின்மோட்டார் படகாயின், லித்தியம் பாட்டரிகளைக் கழற்றி, தீப்பற்றாத பெட்டியில் தனியே வைக்க வேண்டும்.